மேசைக்கு ஒரு வளையம்

சரக், சரக் என்று எதையோ படியில் இழுத்துக்கொண்டு வரும் சத்தம். ஈரத்துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்திருந்த இன்னாசிக்கு அது முதலில் துடைப்பத்தின் சத்தமாகப் பட்டது, பிறகு வலையை மணலில் இழுப்பதுபோல, பிறகு ஆளையே இழுப்பதுபோல, சீ என்று மனசை அந்த இடத்திலிருந்து பிடித்து இழுத்தான். ராத்திரி முழுக்க ஐஸ் கம்பெனியில் நின்றுவிட்டுப் பகலில் தூங்கிப் பழகியவனுக்குக் காதில்தான் முதலில் விடியும். குழாயில் தண்ணீர் வந்துவிட்டதா, வாசலில் நிற்பது மீன்காரியா கோயில்பிள்ளையா, பிலோமின் இன்றைக்கு என்ன கோபத்தில் சட்டியை இறக்குகிறாள், எல்லாம் கண்ணைத் திறக்காமலே தெரியும். அப்படித்தான் இந்தச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டு கிடந்தான். அப்போதுதான் மகள் ஜெனோவாவின் குரல், "மெதுவா மாமா, அப்பா தூங்குறாங்க" என்றது. அதற்கு மைத்துனன் கஸ்பார், "சரிம்மா, சரிம்மா" என்று மூச்சுக்குள்ளேயே சொன்னான். துண்டை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தான் இன்னாசி. மெதுவாகவா? இந்த வீட்டிலா? இவன் தூங்குகிற தலைமாட்டிலேயே அம்மி அரைத்திருக்கிறார்கள், டிவி அலறியிருக்கிறது, இதே கஸ்பார் ஒரு கிறிஸ்துமஸுக்கு இதே படியில் உட்கார்ந்து ஊசிவெடி போட்டு எழுப்பியிருக்கிறான். வெயில் ஏறியும் கிடந்தால் பிலோமின் வந்து நின்று, "பொணம் மாதிரி கெடக்கிய, எந்திரிச்சா என்ன" என்பாள். இப்போது அவள் வாசலில் எட்டிப் பார்த்து, "எந்திச்சிட்டியளா, காப்பி போடட்டா" என்றாள். சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அவன் கவனித்தான். கொஞ்ச நாளாகவே பிணம் இந்த வீட்டை விட்டுப் போய்விட்டது. எழவும் போய்விட்டது. எந்த எழவையும் வச்ச இடத்துல வைக்கிறதில்ல, இந்த எழவெடுத்த மனுசனைக் கட்டிக்கிட்டு என்று நாளுக்கு நாலு தரம் அவள் வாயில் உருண்டுகொண்டிருந்த சொல், ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அன்றைக்கு அப்படியே விழுங்கப்பட்டுவிட்டது. யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இல்லை, யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், அவளே பயந்துபோய் நிறுத்தியிருக்கிறாள்.

இழுத்துவந்தது சவுக்குக் கிளை. முன்னறை முழுக்கப் பச்சை வாசம். நடுவில் பந்தல்கடையிலிருந்து வந்த நீள மேசை, அதைச் சுற்றிச் சிவப்பு நாற்காலிகள். கிறிஸ்துமஸ் சாப்பாடு என்றால் இந்த வீட்டில் பாய் விரித்து, இலை போட்டு, பிரியாணிச் சட்டியை நடுவில் வைத்து, கையைக் கழுவக் கழுவ இன்னும் ஒரு கரண்டி என்று போவதுதான். இந்த வருசம் ஜெனோவா சென்னையிலிருந்து வந்து இறங்கின அன்றே, "இந்தத் தடவை எல்லாரும் மேசையில உக்காந்து சாப்பிடுறோம், நடுவுல ஒரு சென்டர்பீஸ், மெழுகுவத்தி, பூ எல்லாம் வச்சு" என்றாள். செல்போனில் படம் காட்டினாள். ஏதோ வெளிநாட்டு மேசை, நடுவில் பச்சைக் கிளைகளால் ஒரு வளையம், உள்ளே மெழுகுவத்திகள், சிவப்பாய்ப் பழங்கள். "அப்பா, நீங்கதான் செய்யுறிய. உங்க கை மாதிரி வராது." அவன் கை! இருபது வருசமாய் உப்புத்தண்ணித் தொட்டியிலிருந்து ஐஸ் கட்டியைக் கொக்கி போட்டு இழுக்கிற கை. நுணுக்கமான வேலை என்று அந்தக் கை செய்தது குடம் உருளாமல் உட்கார வைக்கோலில் பிரிமணை கட்டியதுதான். அவனிடம் போய் இதைக் கொடுப்பானேன்? உட்கார்ந்து செய்கிற வேலை, அதனால்தான். மேசையைத் தூக்கப் போனபோது கஸ்பார் ஓடிவந்து, "விடுங்க அத்தான், விடுங்க" என்று பிடுங்கிக்கொண்டான். கேஸ் சிலிண்டரை உருட்டப் போனால் பிலோமின் கையைப் பிடிக்கிறாள். எதையும் தூக்கவிடாமல், ஓரமாய் உட்காரவைத்து, கையில் ஒரு விளையாட்டுச் சாமான் கொடுத்திருக்கிறார்கள். காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கொடுப்பதுபோல. காப்பியைக் குடித்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கட்டுக்கம்பியை வட்டமாய் வளைத்தான். கம்பி அவன் சொன்னபடி வளையவில்லை, ஒரு பக்கம் முட்டையாய்ப் பிதுங்கியது. நீவினால் அடுத்த பக்கம் பிதுங்கியது. பரவாயில்லை, சவுக்கு மறைத்துவிடும். சவுக்கு எதையும் மறைக்கும். கிளையைச் சின்னச் சின்னதாய் ஒடித்து, ஒன்றின் அடியை மற்றதன் தலை மூடுகிற மாதிரி வைத்து நூலால் இறுக்கினான். அதன் ஊசியிலை உள்ளங்கையில் குத்தாமல் கூசியது. டாக்டரின் விரலும் வயிற்றில் அப்படித்தான் கூசியது. "இங்க வலிக்குதா? இங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் கேட்காமல் கையை எடுத்துக்கொண்டார். அங்கேதான் வலித்தது. வலிக்குது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கை போய்விட்டது. பிறகு வாய்வழியாய்க் குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஒரு வாரம் கழித்து வரச்சொன்னார்கள். அந்த நாளில், "நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்கய்யா, அம்மா நீங்க ஒரு நிமிசம்" என்றார் டாக்டர். நோய் யாருக்கோ அவனை வெளியே அனுப்பிவிட்டு, நோயில்லாதவளை உள்ளே வைத்துப் பேசினார்கள். இவனும் மரமண்டை, பெஞ்சில் உட்கார்ந்து எதிரே சுவரில் ஒட்டியிருந்த குழந்தையின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நிமிசம் என்றது எவ்வளவோ நேரம் ஆனது. வெளியே வந்தவள் நேரே அவனிடம் வரவில்லை. குழாயடிக்குப் போனாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, முந்தானையால் ஒற்றிக்கொண்டு வந்து, "குடல்ல புண்ணாம். மாத்திரை போட்டா ஆறிருமாம்" என்றாள். புண் என்பதைச் சொல்லவா அவனை வெளியே அனுப்ப வேண்டும்? டீ குடிக்கலாம் என்றால் வேண்டாம் என்று இளநீர் வாங்கிக் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். இளநீர் குடிக்கிறவனை எதற்கு அப்படிப் பார்க்க வேண்டும்?

நூல் அறுந்தது. பல்லால் கடித்து மறு முடிச்சுப் போட்டான். அடுக்களையில் பிலோமினும் ஜெனோவாவும் பேசிக்கொண்டிருந்தார்கள், தேங்காய் திருகுகிற சத்தத்துக்குள்ளே பேச்சு. திருகுவது நின்றதும் பேச்சும் நின்றது. அதெப்படி? திருகிக்கொண்டு பேசலாம், நிறுத்திவிட்டும் பேசலாம், சத்தம் இருந்தால்தான் பேசுவோம் என்றால் அது எனக்குக் கேட்கக்கூடாத பேச்சு. இல்லை, தேங்காய் முடிந்திருக்கும். பேச்சும் முடிந்திருக்கும். ஏன் எல்லாவற்றையும் துருவிக்கொண்டே இருக்கிறேன்? என்னோடு வேலைபார்த்த பாக்கியத்துக்கும் இப்படித்தானே நடந்தது என்று மனசு மறுபடி அங்கேயே போய் நின்றது. பாக்கியத்துக்குத் தொண்டையில் வந்தது. ஐஸ் கம்பெனி வாட்ச்மேனுக்குத் தெரியும், டீக்கடையில் தெரியும், மீன் ஏலம் எடுக்கிறவர்களுக்குத் தெரியும், பாக்கியத்துக்கு மட்டும் தெரியாது. அவனுக்குச் சொன்னது தொண்டைப்புண். அதுவரை பிறந்தநாளே கொண்டாடாத மனுசனுக்குத் திடீரென்று வீட்டார் கேக் வெட்டினார்கள். இன்னாசியும் போய்ச் சாப்பிட்டான். ஊரிலிருந்தெல்லாம் சொந்தம் வந்திருந்தது. பாக்கியம் கரகரத்த குரலில், "எல்லாப் பயலும் என்மேல திடீர்னு பாசமாயிட்டானுவ, என்னன்னு தெரியல" என்று சிரித்தான். சிரித்துவிட்டு ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தான். ஒவ்வொருவரும் தட்டைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை அப்போது இன்னாசி புரிந்துகொள்ளவில்லை. இப்போது அதே கண் தன் முகத்தில் இருப்பதாய்த் தோன்றியது. இங்கேயும் சொந்தம் வந்திருக்கிறது. வருசா வருசம் மறுநாளே ரயிலேறுகிற ஜெனோவா, "இங்கருந்தே வேலை பாக்கலாம்னு சொல்லிட்டாங்கப்பா" என்கிறாள். யார் சொன்னார்கள்? நீ கேட்டிருந்தால்தானே சொல்லியிருப்பார்கள், எதற்குக் கேட்டாய்? இதைக் கேட்டுவிடலாம்தான். வாயைத் திறந்து, எனக்கு என்ன, சொல்லுங்க என்று ஒரு வார்த்தை. ஆனால் கேட்டால் என்ன சொல்வார்கள்? புண் என்பார்கள். உண்மையில் புண்ணாகவே இருந்தாலும் புண் என்பார்கள், அதுவாக இருந்தாலும் புண் என்பார்கள். எது எப்படி இருந்தாலும் அவனுக்குக் கிடைப்பது ஒரே சொல். அப்புறம் கேட்டு என்ன? "அப்பா, இங்க பாருங்க." நிமிர்ந்தான். ஜெனோவா செல்போனில் படம் பிடித்தாள். ராத்திரிப் பூசையிலிருந்து எத்தனை படம். கோயிலில், காப்பி குடிக்கையில், இப்போது வளையம் கட்டுகையில். "சட்டைய மாத்திட்டு வாங்களேன், அந்த வெள்ளச் சட்ட." எதற்கு வெள்ளைச் சட்டை? சாயங்காலம் எல்லோருமாய் மேசையைச் சுற்றி ஒரு படம் எடுக்க வேண்டுமாம். எடுப்பார்கள். அதிலிருந்து அவன் தலையை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் நீலவானமும் புறாவும் வைத்து, கண்ணீர் அஞ்சலி என்று தெருமுனையில் கட்டுவார்கள். பாக்கியத்தின் போர்டில்கூடப் பக்கத்தில் நின்றவரின் தோள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தோள் இன்னாசியுடையது. "இந்தச் சட்டைக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு" என்றான். சென்னைக்குப் போவதற்கு முந்தைய ஜெனோவா என்றால், "போங்கப்பா, பிச்சைக்காரன் மாதிரி" என்று மூஞ்சியைத் தூக்கியிருப்பாள். இவள், "சரிப்பா, உங்க இஷ்டம்" என்றாள். என் இஷ்டம் இந்த வீட்டில் எப்போதிருந்து நடக்கிறது?

வளையம் ஒருவழியாய் மூடிக்கொண்டது. படத்தில் இருந்ததுபோல் சிவப்புப் பழம் கிடைக்காததால் கஸ்பார் வாங்கிவந்த சிவப்பு ரோஜாவைக் கிள்ளி இடையிடையே செருகினான், வெள்ளைச் சாமந்தியும் இருந்தது, அதையும் செருகினான். செருகச் செருகப் பசி வந்தது, பிறகு பசி மாதிரியே இருந்த வலி வந்தது. கையில் எடுத்து, தள்ளிப் பிடித்துப் பார்க்கலாம் என்று சுவரில் சாய்த்து நிறுத்தினான். நிறுத்தின உடனே அது என்ன என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதே நேரம் சோடாப் பாட்டில்களோடு கஸ்பார் உள்ளே வந்தான். அவன் வாய் எப்போதும் மூளைக்கு முன்னால் போகும். "என்ன அத்தான், யாரு போயிட்டா? மாலையும் கையுமா வளையத்தச் சாத்தி வச்சிருக்கிய!" சொல்லிவிட்டுத் தானே சிரிக்கத் தொடங்கினான். மேசை நடுவில் படுத்துக் கிடக்க வேண்டிய சாமானைச் சுவரில் நிமிர்த்தியதுதான் வினை. வேறு வருசமாய் இருந்தால் வீடே உருண்டிருக்கும். ஒன்கிட்ட சொல்லாம யாரு போவா மாப்ள, நீதான் மொத ஆளா வந்து பந்தியில உக்காருவியே என்று இன்னாசி சொல்லியிருப்பான், பிலோமின் தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். யாரும் சிரிக்கவில்லை. கஸ்பாரின் சிரிப்பு பாதியில் நின்று வாய் மட்டும் திறந்திருந்தது. அவன் பார்வை இன்னாசியிடம் வரவில்லை, நேரே அக்காவிடம் போயிற்று. அடுக்களை வாசலில் வெங்காயமும் கத்தியுமாய் நின்ற பிலோமின், "ஒனக்கு வெவஸ்தையே கெடையாதாடா? போ, போயி எலுமிச்சங்கா வாங்கிட்டு வா" என்றாள். "எலுமிச்சங்கா இருக்கேக்கா." "போடான்னா!" ஜெனோவா ஓடிவந்து வளையத்தை எடுத்து மேசைமேல் படுக்கப் போட்டாள். அவசர அவசரமாய் மெழுகுவத்திகளை உள்ளே நட்டாள், ஒன்று சாய்ந்தது, நிமிர்த்தினாள், மறுபடி சாய்ந்தது. "சூப்பரா இருக்குப்பா" என்று குனிந்தபடியே சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். இன்னாசி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான். இதுவரை துருவித் துருவிச் சேர்த்ததெல்லாம் சந்தேகம். அதற்கு அவனே பதிலும் வைத்திருந்தான், தேங்காய் முடிந்திருக்கும், மகளுக்கு லீவு கிடைத்திருக்கும். இந்த ஒரு சிரிப்புக்கு, வராமல்போன சிரிப்புக்கு, பதில் கிடைக்கவில்லை. ஆனாலும் மனசு விடவில்லை. பெரிய நாளில் அபசகுனமாய்ப் பேசினான், அதனால் திட்டினாள். இருக்கலாம். நல்ல நாளும் அதுவுமாய் யாராய் இருந்தாலும் திட்டுவாள். அவனைத் திட்டினாள், சரி, என்னைத் திட்டுவாளா? அதுதான் கேள்வி. நல்லா இருக்கிற இன்னாசியைப் பிலோமின் திட்டுவாள். கல்யாணமான மறுநாள் காலையில், செருப்போடு உள்ளே வந்ததற்கு ஆரம்பித்தவள். அவள் ஒரு தரம், பழையபடி, வாய் நிறையத் திட்டிவிட்டால் போதும், மாத்திரையைப் போட்டுக்கொண்டு நிம்மதியாய் ராத்திரி வேலைக்குப் போய்விடுவான். தன் உயிர் அவள் வாயில் இருப்பதாக அவனுக்குப் பட்டது.

எழுந்து உள்ளறைக்குப் போனான். இரும்புப்பெட்டியின் அடியில், துணிப் பைக்குள், பிலோமினின் கல்யாண முக்காடு இருந்தது. ஓரமெல்லாம் பூவேலை செய்த வெள்ளை வலைத்துணி. வருசத்துக்கு ஒரு முறை எடுத்து நிழலில் உலர்த்தி, நாப்தலின் உருண்டை மாற்றி, யாரையும் தொடவிடாமல் மடித்து வைப்பாள். ஜெனோவாவுக்குக்கூடத் தரமாட்டேன், நான் போகும்போது தலையில் போட்டு அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறாள். கத்தரியை எடுத்தான். இது பாவம் என்று தெரிந்தது, தெரிந்தே வெட்டினான். பூவேலை ஓரம் நீள நாடாவாய் வந்தது. வலைத்துணி வெட்டுப்படுகிற சத்தமே கேட்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. முன்னறைக்கு வந்து நாடாவை வளையத்தின்மேல் சுற்றி, முன்பக்கம் ஒரு முடிச்சாய் விரித்துக் கட்டினான். உண்மையில் அழகாகவே இருந்தது. சாவு வளையத்தின் களை போய்விட்டது. "பிலோமின், இங்க வா" என்று கூப்பிட்டான். அவள் சொளகில் சின்ன வெங்காயத்தோடு வந்தாள். மேசையைப் பார்த்தாள். முதலில் சும்மா பார்த்தாள், பிறகு நாடாவைப் பார்த்தாள், பிறகு திறந்து கிடந்த உள்ளறைக் கதவைப் பார்த்தாள். அவள் விரல் போய்ப் பூவேலையைத் தொட்டது. இப்போ வரும், இப்போ வரும் என்று இன்னாசி காத்திருந்தான். கழுத்து நரம்பு புடைத்தது, மூக்கு சிவந்தது, எல்லாம் சரியாகத்தான் வந்தது. ஒரு மூச்சு இழுத்தாள். திட்டுவதற்கு முன்னால் இழுக்கிற அதே மூச்சு. அதை மெல்ல வெளியே விட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். "ஒங்களுக்குப் பிடிச்சிருந்தா சரி." சொளகை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அவ்வளவுதான். இனி யாரையும் கேட்க வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்தான், தெருவில் பிள்ளைகள் பலூன் உடைத்து விளையாடுவது கேட்டது, எங்கோ தூரத்தில் கேட்பதுபோல. ஆச்சரியமாகப் பயம் வரவில்லை. இத்தனை நாள் மூலைமூலையாய் ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்தது நேரே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது, வந்துவிட்டாயா என்று கேட்கிற மாதிரி ஒரு அலுப்பு. அவளைத்தான் நினைத்துக்கொண்டான். அந்தக் குழாயடியில் தனியாய் நின்று முகம் கழுவினவள். அன்றிலிருந்து ஒவ்வொரு சொல்லையும் வடிகட்டி வடிகட்டிப் பேசி, முக்காட்டை வெட்டினவனையும் பொறுத்துக்கொண்டு, எத்தனை நாளைக்குத் தாங்குவாள்? அடுக்களையில் சத்தமே இல்லை. கத்தி இல்லை, பாத்திரம் இல்லை. அவளும் அங்கே நின்றுகொண்டு, தான் என்ன சொல்லாமல் விட்டோம் என்று யோசிக்கிறாள். அவனுக்குக் கேட்காமலே கேட்டது. பிறகு திடீரென்று ஒரு மூடி தரையில் விழுந்தது. பிலோமின் விறுவிறுவென்று வந்தாள். "அறிவு இருக்கா ஒங்களுக்கு? கொஞ்சமாவது அறிவு இருக்கா? எந்தப் பெட்டில கையை வைக்கோம், என்னத்த வெட்டுதோம்னு ஒரு இது வேணாம்? எங்கய்யா கொழும்புலருந்து கொண்டாந்த துணி அது! இருவத்தாறு வருசமா கண்ணுக்குள்ள வச்சிருக்கேன், ஒரு நிமிசத்துல நாசம் பண்ணிட்டு நிக்கிய! வீட்டுல வேற துணியே இல்லையா? ஒங்க வேட்டியக் கிழிச்சுக் கட்ட வேண்டியதுதானே!" சொற்களில் குறையில்லை. வரிசையில் குறையில்லை, அறிவில் ஆரம்பித்து அப்பாவில் ஏறி வேட்டியில் வந்து இறங்குகிற அதே வழி. கை ஆட்டுவதும் சரி. நேரம்தான் தப்பு. அவள் திட்டு எப்போதும் பொருள் உடைகிற சத்தம் அடங்குவதற்குள் வந்துவிடும், அது இன்று அடுக்களைவரை போய், யோசித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது. கண்ணுக்கடியில் வெங்காயம் மாதிரி சிவந்திருந்தது. அவள் திட்டிக்கொண்டே அவன் முகத்தைப் படித்தாள், நம்புகிறானா, நம்பிவிட்டானா என்று. இன்னாசி தலையைக் குனிந்துகொண்டான். திட்டு வாங்கும்போது சொறிகிற மாதிரியே பிடரியைச் சொறிந்தான். "சரி, விடுவியா. தெரியாம வெட்டிட்டேன். எதுக்கு இப்ப ஊரைக் கூட்டுத" என்று, பழைய எரிச்சலைத் தேடி எடுத்துக் குரலில் போட்டுச் சொன்னான். போட்டது சரியாய் விழுந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. "தெரியாம வெட்டுறாராம்" என்று முணுமுணுத்தாள். அதில் மட்டும் துளி நிஜம் இருந்தது. போய்ச் சொளகை எடுத்துக்கொண்டு வந்து மேசைக்குப் பக்கத்தில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள். அவனும் நாற்காலியிலிருந்து இறங்கி அவள் எதிரே உட்கார்ந்தான். சொளகைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்து, ஒரு கை வெங்காயத்தை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு, தோலைக் கிள்ள ஆரம்பித்தான்.